படம் வருகிறது, சத்தம் வரவில்லை: பழைய டெக், கேமரா, டிவிடி பிளேயர் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

பரணில் இருந்த டெக்கையும் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) கேசட்டுகளையும் இறக்கித் தூசி தட்டியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை சத்தத்தைப் பற்றியவை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் பழகிக்கொள்ளும். பேசுகிறவரின் குரல் கேட்காவிட்டால் அந்தக் கேசட்டைப் போட்டதே வீண் என்று தோன்றிவிடும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

பதில்களுக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். கேசட், டெக், ஒயர், டிவி என்று சங்கிலியில் நான்கு கண்ணிகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேறு கேசட் போட்டும் அதே கோளாறு என்றால் கேசட் மேல் குற்றமில்லை. அதே ஒயரை அதே துளைகளில் செருகி டிவிடி பிளேயரைப் போட்டால் சத்தம் வருகிறதென்றால் ஒயரும் டிவியும் சரி. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் மூடியைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இல்லை. ஹெட்போன் துளை மாதிரி ஒன்று இருக்கிறது, பக்கத்தில் 'ஏ.வி. இன்' என்று எழுதியிருக்கிறது. பழைய வீடியோ கேமராவோடு வந்த ஒயர் அதில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் டெக்கை இணைத்தால் படமே இல்லை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் 'பர்ர்' என்று பெரிய இரைச்சல். டிவி கெட்டுவிட்டதா?

பதில்: டிவி நன்றாக இருக்கிறது. ஒயர்தான் வேறு. அந்த 3.5 மில்லிமீட்டர் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று கறுப்புக் கோடுகள் தெரியும். அவை பின்னை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி, முதல் உலோக வளையம், இரண்டாம் உலோக வளையம், அடிப்பகுதி. இந்த நான்கில் எதில் படம், எதில் இடது சத்தம், எதில் வலது சத்தம், எதில் பொது எர்த் என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. பல டிவிகளில் நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் எர்த், அடிப்பகுதி படம். பல வீடியோ கேமரா ஒயர்களில் நுனி இடது, முதல் வளையம் படம், இரண்டாம் வளையம் எர்த், அடிப்பகுதி வலது. இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் விளங்கும்: படம் போக வேண்டிய இடத்துக்கு வலது சத்தமும், வலது சத்தத்தின் இடத்துக்குப் படமும் போகின்றன. நீங்கள் கேட்ட 'பர்ர்' என்பது படத்தின் சிக்னலே ஸ்பீக்கருக்குள் போனதால் வந்த சத்தம்.

இரண்டு ஒயர்களிலும் எர்த் இரண்டாம் வளையத்திலேயே இருந்தால் புது ஒயர் வாங்கவே வேண்டாம். டெக்கின் பின்புறம் மஞ்சள் பின்னையும் சிவப்புப் பின்னையும் இடம் மாற்றிச் செருகுங்கள். நிறம் பார்க்க அபத்தமாக இருக்கும். படமும் சத்தமும் சரியாக வரும். எர்த் அடிப்பகுதியில் இருக்கும் ஒயர் என்றால் இந்த மாற்று வேலைக்கு ஆகாது.

எர்த் எங்கே என்று மல்டிமீட்டர் இருந்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை மஞ்சள் பின்னின் வெளி உலோகக் கூட்டில் தொட்டுக்கொண்டு, மறு முனையால் 3.5 மில்லிமீட்டர் பின்னின் நான்கு பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எதில் பீப் கேட்கிறதோ அதுதான் எர்த். பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்களின் நடு ஊசியைத் தொட்டு மற்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய டிவிகளில் துளை உள்ளடங்கி இருக்கும். பின்னின் பிளாஸ்டிக் பிடி தடிமனாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், நான்கு தொடர்புகளும் ஒரு கட்டம் தள்ளி விழ. டிவியோடு ஓர் அடாப்டர் வந்திருந்தால் அதைத் தேடி எடுப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் டிவியில் மஞ்சள் துளை இல்லை, பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை, இன்னொரு சிவப்பு. மஞ்சளைப் பச்சையில் செருகினோம். சத்தம் வருகிறது, படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது.

பதில்: சரியான துளையில்தான் செருகியிருக்கிறீர்கள். அந்தப் பச்சைத் துளை இரண்டு வேலை செய்கிறது. ரிமோட்டில் இன்புட் பட்டியலைத் திறந்து 'காம்போனென்ட்' என்பதிலிருந்து 'ஏ.வி.' என்பதற்கு மாற்றுங்கள், நிறம் வந்துவிடும். காம்போனென்ட் நிலையில் டிவி அந்தத் துளையில் வெளிச்ச அளவை மட்டும் எதிர்பார்க்கிறது. நிறத்தை நீலத்திலும் சிவப்பிலும் தேடுகிறது.

கேள்வி: டெக்கில் சத்தத்துக்கு ஒரே ஒரு துளைதான். டிவியின் இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் கேட்கிறது.

பதில்: அது மோனோ டெக். ஒரு பின் இரண்டாகப் பிரியும் 'ஒய்' ஒயரை வாங்கி டிவியின் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் செருகுங்கள். ஒரு வெளியீட்டை இரண்டு உள்ளீடுகளுக்குப் பிரிப்பதில் ஆபத்து இல்லை.

இதையே திருப்பிச் செய்யாதீர்கள். ஸ்டீரியோ டெக்கின் இரண்டு வெளியீடுகளை 'ஒய்' ஒயரால் ஒன்றாக்கினால் ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்குள் பாய்ந்து சத்தம் திரிந்துபோகும். அப்படிச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு கோடுகளிலும் ஆளுக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து, அதன் பிறகு இணைக்க வேண்டும்.

கேள்வி: சில கேசட்டுகளில் சத்தம் திடீர் திடீரென்று பொரிகிறது, சில விநாடி தெளிவாக இருக்கிறது, பிறகு 'பட பட' என்று உதிர்கிறது, பிறகு மந்தமாகிறது. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஹெட்டை (நாடாவைப் படிக்கும் காந்த முனை) சுத்தம் செய்தும் போகவில்லை.

பதில்: இந்த மாதக் கேள்விகளில் இதற்குத்தான் விரிவான பதில் தேவை. ஒரு வி.எச்.எஸ். நாடாவில் சத்தம் இரண்டு இடங்களில் இருக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதலாவது, நாடாவின் மேல் விளிம்பில் நேர்கோடாக ஓடும் சாதாரண ஒலித்தடம். இதை அசையாமல் நிற்கும் ஒரு சிறிய ஹெட் படிக்கிறது. 'பால்' (PAL) என்ற டிவி முறையில் இயங்கும் டெக்கில் நாடா விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பாட்டுக் கேசட்டின் வேகம் விநாடிக்கு 47.6 மில்லிமீட்டர். அதாவது பாட்டுக் கேசட்டில் பாதி வேகம்கூட இல்லை. 'எல்.பி.' (லாங் பிளே, மெதுவாக ஓடும்) நிலையில் பதிந்திருந்தால் அதிலும் பாதி. இந்தத் தடத்தின் சத்தம் கொஞ்சம் மந்தமாக, பின்னணியில் 'உஸ்' என்று இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, ஹை-ஃபை தடம். நாடா சுற்றிச் செல்லும் சுழல் உருளையான டிரம்மில் வீடியோ ஹெட்டுகளுக்குப் பக்கத்தில் சத்தத்துக்கென்று தனி ஹெட்டுகள் இருக்கும். அவை சத்தத்தை முதலில் நாடாவின் பூச்சில் ஆழமாகப் பதிக்கும். வீடியோ ஹெட் அதன் மேலே படத்தைப் பதிக்கும். தெளிவில் இது முதல் தடத்தைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் கோட்டிலிருந்து இம்மி விலகினாலும் அறுந்துவிடும். அப்போது டெக் தானாகவே சாதாரண தடத்துக்குத் தாவும். சிக்னல் திரும்பியதும் மறுபடி ஹை-ஃபைக்கு வரும். 'தெளிவு, பொரிதல், மந்தம்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது இந்தத் தாவல்தான்.

செய்ய வேண்டியது வரிசையாக:

டெக்கிலோ ரிமோட்டிலோ 'ஆடியோ மானிட்டர்' அல்லது 'ஆடியோ அவுட்' என்ற பட்டன் இருக்கும். சிலவற்றில் மெனுவுக்குள் இருக்கும். அதை 'நார்மல்', 'லீனியர்' அல்லது 'மோனோ' என்பதில் வையுங்கள். பொரிதல் சட்டென்று நின்று, சத்தம் மந்தமாக ஆனாலும் சீராக வந்தால் கோளாறு ஹை-ஃபை தடத்தில் என்பது உறுதி. அவசரத்துக்கு இப்படியே பார்க்கலாம்.

அடுத்து, பட்டனை மீண்டும் ஹை-ஃபைக்குக் கொண்டுவந்து, தானியங்கி டிராக்கிங்கை (ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் அமைப்பு) நிறுத்திவிட்டு, கையால் டிராக்கிங் பட்டனை ஒவ்வொரு படியாக அழுத்துங்கள். இங்கே படத்தைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக் காதால் தேடுங்கள். தானியங்கி டிராக்கிங் பெரும்பாலும் படத்துக்கு ஏற்ற இடத்தில் போய் நிற்கும். சத்தத்துக்கு ஏற்ற இடம் அதிலிருந்து இரண்டு மூன்று படி தள்ளி இருக்கலாம். படத்தின் அடியில் மெல்லிய கோடு ஒன்று தோன்றினாலும் பொரிதல் நின்றால் அந்த இடமே நல்லது.

டிராக்கிங்கிற்கும் மசியவில்லை, பின்னணியில் விடாத ஒரு 'ர்ர்ர்' கேட்கிறது என்றால் அது ஹெட் மாறும் சத்தம். பால் டெக்கில் டிரம் விநாடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரு முறை ஹெட் மாறுகிறது. ஆக 50 ஹெர்ட்ஸ் உறுமல். என்.டி.எஸ்.சி. என்ற மற்றொரு டிவி முறையின் டெக்கில் ஏறக்குறைய 60. நல்ல டெக் இந்த இணைப்பை மறைத்துவிடும். மறைக்க முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமானால் காதில் விழும். ஹை-ஃபை ஹெட் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கலாம், அல்லது கேசட்டைப் பதிந்த டெக்கின் கோடு உங்கள் டெக்கோடு ஒத்துப்போகவில்லை. அதே கேசட்டை வேறொரு ஹை-ஃபை டெக்கில் போட்டுப் பாருங்கள். டெக்கை மாற்றினால் போகும் கோளாறுக்காக நாடாவை மறுபடி மறுபடி ஓட்டித் தேய்க்க வேண்டாம். டெக்குக்கு மாற்று கிடைக்கும், நாடாவுக்குக் கிடைக்காது.

கேள்வி: வீட்டு விசேஷத்தில் எடுத்த பழைய கேசட். எல்லாரும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது. கடையில் வாங்கிய சினிமா கேசட்டுகள் அதே டெக்கில் நன்றாக இருக்கின்றன.

பதில்: உங்கள் டெக் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த சினிமா கேசட்டுகளே சாட்சி. விசேஷத்தைப் பதிந்த கருவியின் ஒலி ஹெட் சற்றுச் சாய்ந்திருந்திருக்கும். சாய்ந்த ஹெட் பதிந்ததை நேரான ஹெட் படித்தால் உச்ச ஒலிகள் முதலில் போய்விடும். 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கினால் பேச்சு போர்வைக்குள் போய்விடும்.

அசையாமல் நிற்கும் அந்த ஒலி ஹெட், டிரம்மைத் தாண்டி நாடா வெளியேறும் பக்கத்தில், ரப்பர் உருளைக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் தலையில் பொதுவாக மூன்று ஸ்க்ரூக்கள். ஒன்று உயரத்துக்கு, ஒன்று முன்பின் சாய்வுக்கு, ஒன்று பக்கவாட்டுச் சாய்வுக்கு. நமக்கு வேண்டியது மூன்றாவது மட்டும். எது என்பதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்க்காமல் தொட வேண்டாம். மற்ற இரண்டைத் திருப்பினால் நாடாவின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுத் தடத்தைப் படிப்பதும் கெட்டு, படமும் போய்விடும்.

ஸ்க்ரூவின் தலையிலும் அதன் அருகிலும் ஒரே கோடாக மார்க்கர் பேனாவால் குறி இடுங்கள். கேசட்டை ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டபடி, எட்டில் ஒரு பங்கு சுற்று ஒரு பக்கம். சத்தம் இன்னும் மந்தமானால் மறுபக்கம். பேச்சு தெளிந்து 'உஸ்' என்ற நாடா இரைச்சலும் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இரைச்சல் கூர்மையாவதே சரியான இடத்துக்கு அடையாளம். கேசட்டைப் பிரதி எடுத்து முடித்ததும் ஸ்க்ரூவைக் குறிக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் மற்றக் கேசட்டுகள் எல்லாம் மந்தமாகிவிடும். மூடி திறந்த டெக் மின்சாரத்தில் இருக்கும்போது பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவர், ஒரு கை மட்டும், பவர் சப்ளை பக்கம் போகவே கூடாது. இதில் தயக்கம் இருந்தால் பழகியவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: டெக்கை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் 'ம்ம்ம்' என்று விடாத உறுமல். கேசட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கேட்கிறது.

பதில்: கேசட் ஓடாதபோதும் கேட்பதால் நாடாவையும் ஹெட்டையும் விட்டுவிடலாம். டெக்கின் பின்னால் இருக்கும் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றதா? அப்படியென்றால் எர்த் சுழல். கேபிள் ஒயர் ஓர் இடத்தில் எர்த் ஆகிறது, ஆம்ப்ளிஃபயர் மின் பிளக் வழியாக இன்னோர் இடத்தில். இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய மின்னழுத்த வேறுபாடு சத்த ஒயரின் வெளிக்கூட்டில் பாய்ந்து உறுமலாகிறது. கேபிள் ஒயரில் தனிப்படுத்தும் ஐசொலேட்டர் ஒன்றைச் செருகினால் தீரும். அது முடியாத இடத்தில் டெக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் செருகுவதே சில வீடுகளில் போதும். மின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உறுமல் போகும், பாதுகாப்பும் போகும்.

ஆன்டெனா ஒயரைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் சத்த ஒயரை மாற்றிப் பாருங்கள். வெளிக்கூட்டின் சாலிடர் விட்டுப்போன ஒயரும் இதே உறுமலைத் தரும். பின்னை ஆட்டும்போது உறுமல் கூடிக் குறைந்தால் அதுதான். அதுவும் இல்லை, கூடவே படத்தில் மங்கலான பட்டை மேலும் கீழும் ஊர்கிறது என்றால் டெக்கின் பவர் சப்ளையில் கெபாசிட்டர் உலர்ந்திருக்கிறது. அங்கே பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். வீட்டில் செய்யும் வேலை அல்ல.

திரையில் வெள்ளை எழுத்துகள் வரும்போது மட்டும் 'ஸ்ஸ்ர்' என்று கூடும் இரைச்சல் வேறு வகை. படச் சிக்னல் சத்தத்துக்குள் கசிகிறது. மூன்று ஒயர்களும் ஒட்டிய மலிவான மெல்லிய ஒயரில் இது அதிகம். படத்துக்குத் தனியாகத் தடித்த 75 ஓம் ஒயர் போடுங்கள்.

கேள்வி: டெக்கின் ஆன்டெனா வெளியீட்டை டிவியின் ஆன்டெனா துளையில் இணைத்தால் படம் தெளிவு, சத்தத்துக்குப் பதில் வெறும் இரைச்சல்.

பதில்: டிவி மெனுவில், சேனல் தேடும் பகுதியில் 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஓர் அமைப்பு இருக்கும். 'பி-ஜி' என்பதில் படத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், 'ஐ' என்பதில் 6, 'டி-கே' என்பதில் 6.5, 'எம்' என்பதில் 4.5. டெக் ஒரு முறையிலும் டிவி இன்னொரு முறையிலும் இருந்தால் படம் மட்டும் கிடைக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்தாலும் இந்த வழியில் பொதுவாக மோனோதான் கிடைக்கும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு (ஆர்.சி.ஏ.) துளை இருக்கும் டெக்கில் இந்த வழியே வேண்டாம்.

கேள்வி: ஸ்கார்ட் (படமும் சத்தமும் ஒன்றாகப் போகும் அகலமான பிளக்) ஒயரிலிருந்து மூன்று நிறப் பின்னாக மாற்றும் அடாப்டர் வாங்கினோம். படமும் இல்லை, சத்தமும் இல்லை.

பதில்: அடாப்டரின் உடம்பில் 'இன் – அவுட்' என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதை மறுபக்கம் தள்ளுங்கள். ஸ்கார்ட்டின் 21 தொடர்புகளில் சத்தம் வெளியே போவது 1, 3-இல். உள்ளே வருவது 2, 6-இல். படம் வெளியே 19, உள்ளே 20. சுவிட்ச் இல்லாத அடாப்டர்களில் பல, ஒரு திசைக்கு மட்டும் செய்தவை. நீங்கள் வாங்கியது எதிர்த்திசையாக இருக்கலாம். படம் வந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் 4-ஆம் தொடர்பைக் கவனியுங்கள், சத்தத்தின் எர்த் அதுதான். வளைந்தோ உள்ளே தள்ளப்பட்டோ இருக்கும்.

கேள்வி: ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறுபக்கம் மூன்று நிறப் பின்கள் உள்ள ஒயரை வாங்கி டெக்கை டிவியில் இணைத்தோம். ஒன்றுமே வரவில்லை.

பதில்: வரவும் வராது. டெக் தருவது அனலாக் சிக்னல், எச்.டி.எம்.ஐ. கேட்பது டிஜிட்டல். வெறும் ஒயர் அதை மாற்ற முடியாது. உள்ளே சிப் இருக்கும், 5 வோல்ட் மின்சாரம் கேட்கும் சிறு பெட்டிதான் வேண்டும். வாங்கும்போது திசையைப் படியுங்கள்: 'ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.' என்றிருக்க வேண்டும். இதற்கு நேர் எதிர் பெட்டியும் அச்சாக இதே உருவத்தில் வருகிறது.

பெட்டி வைத்த பிறகு கேசட்டின் மோசமான இடங்களில் திரை நீலமாகி, சத்தமும் சேர்ந்து அறுந்தால் பெட்டிமேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது. பழைய நாடாவின் நேரக் கணக்கு நடுங்குகிறது. பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொண்டது, பெட்டி பொறுப்பதில்லை. நடுவே இந்த நடுக்கத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் வைப்பது முழுத் தீர்வு. கையில் டிவிடி ரெக்கார்டர் இருந்தால் டெக்கை அதன் உள்ளீட்டில் கொடுத்து அதன் வெளியீட்டை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் படம் கணிசமாக நிலைபெறும்.

உதட்டசைவுக்கு முன்னால் சத்தம் வருகிறது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். டெக்கின் சத்தம் நேராக ஆம்ப்ளிஃபயருக்கும், படம் மட்டும் பெட்டி வழியாக டிவிக்கும் போகும்போது அப்படித்தான் ஆகும். படத்தைப் பதப்படுத்த நேரம் பிடிக்கிறது. சத்தத்தையும் பெட்டிக்குக் கொடுத்து, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுங்கள். டிவியில் 'கேம்' நிலை இருந்தால் அதைப் போடுங்கள், தாமதம் குறையும்.

கேள்வி: டிவிடி பிளேயரில் சில டிஸ்குகளுக்கு மட்டும் சத்தமே வருவதில்லை.

பதில்: பிளேயரின் ஆடியோ மெனுவில் டிஜிட்டல் வெளியீடு 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ரா' என்று இருக்கும். அதை 'பி.சி.எம்.' (சுருக்காத ஒலி) ஆக்குங்கள். பிட்ஸ்ட்ரீமில் பிளேயர் சுருக்கிய ஒலியை அப்படியே டிவிக்கு அனுப்புகிறது. பல டிவிகளுக்கு டி.டி.எஸ். என்ற முறையில் சுருக்கிய ஒலியைப் பிரிக்கத் தெரியாது, அதனால் மௌனம். அப்படியும் வராவிட்டால் டிஸ்க் மெனுவில் டி.டி.எஸ்.ஸுக்குப் பதில் டால்பி அல்லது ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். வசனம் மட்டும் மெலிந்து இசை ஓங்கினால் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள், நடு ஸ்பீக்கருக்கான வசனம் இரண்டு பக்கமும் கலந்து வரும்.

கேள்வி: மினி டி.வி. (MiniDV, சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்) கேமராவில் பழைய டேப்பைப் போட்டால் படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம் துளியும் இல்லை. ஹெட்போனிலும் இல்லை.

பதில்: கேமராவின் பிளேபேக் மெனுவில் 'ஸ்டீரியோ 1', 'ஸ்டீரியோ 2', 'மிக்ஸ்' என்று இருக்கும். 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் நிலையில் பதிந்த டேப்பில் இரண்டு ஜோடி ஒலித்தடங்களுக்கு இடம் உண்டு. படமெடுக்கும்போது பதிவானது முதல் ஜோடியில். இரண்டாவது, பிறகு இசையோ வர்ணனையோ சேர்ப்பதற்காக. மெனு 'ஸ்டீரியோ 2'-இல் நின்றால் காலி அறைக்கதவைத் திறந்து பார்ப்பது போல. 'ஸ்டீரியோ 1' ஆக்குங்கள். சில கேமராக்களில் ஏ.வி. வெளியீட்டுக்கும் ஹெட்போனுக்கும் ஒரே துளைதான். அதற்கும் மெனுவில் தனித் தேர்வு இருக்கும்.

கேள்வி: பல வருடம் கழித்து எடுத்த கேசட்டுகள். சன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது பூஞ்சை. ஒரு முறை ஓட்டினால் டெக்கின் ஹெட்டிலும் உருளைகளிலும் ஒட்டி, அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு நல்ல கேசட்டுக்கும் பரவும். நாடா டிரம்மில் ஒட்டிக் கிழியவும் கூடும். அந்தக் கேசட்டுகளைப் பிரித்துத் தனி உறையில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். அவற்றைச் சுத்தம் செய்வதற்கென்று ஒரு டெக்கையே ஒதுக்கி வைத்திருக்கும் ஆட்களிடம் கொடுப்பதே சரி.

பூஞ்சை இல்லாத கேசட்டுகளுக்கும் அவசரம் கூடாது. குளிர்ந்த அறையிலிருந்து வெதுவெதுப்பான அறைக்கு டெக்கையோ கேசட்டையோ கொண்டுவந்தால் இரண்டு மணி நேரமாவது அப்படியே வையுங்கள். டிரம்மில் பனித்த ஈரம் நாடாவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் போக வேண்டியது வேண்டாத ஒரு கேசட். அது சிக்காமல் ஓடி, ரீவைண்ட் ஆகி, வெளியே வந்த பிறகுதான் அருமையான கேசட்.

பாட்டு இழுபட்டு அலைவது போல் கேட்டால் ரப்பர் உருளையைப் பாருங்கள். நல்ல ரப்பர் மங்கலான கறுப்பாக, தொட்டால் சற்றுப் பிடிப்பாக இருக்கும். கண்ணாடி போல மின்னினால் இறுகிவிட்டது, நாடா வழுக்குகிறது. மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள். தேறாவிட்டால் உருளையை மாற்ற வேண்டும்.

டிரம்மைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென் தோல் துண்டும் போதும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது. ஹெட்டின் நுனி மிகச் சிறியது, இழை சிக்கினால் உடைந்துவிடும். பிளக்கைப் பிடுங்குங்கள். நனைத்த தோலை டிரம்மின் பக்கத்தில் ஒரு விரலால் லேசாக அணைத்து அசையாமல் பிடியுங்கள். மறு கையால் டிரம்மின் மேல்தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள், நான்கைந்து சுற்று. தோலை மேலும் கீழும் நகர்த்தவே கூடாது. பழுப்புக் கறை தோலில் இறங்கும். வேறு பக்கம் திருப்பி இன்னொரு முறை. பதினைந்து நிமிடம் உலரவிட்டுப் பிறகு கேசட் போடுங்கள்.

கேள்வி: கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஆரம்பத்தில் உதட்டசைவு பொருந்துகிறது, ஒரு மணி நேரக் கடைசியில் சத்தம் பின்தங்குகிறது. சத்தம் கரகரவென்றும் இருக்கிறது.

பதில்: கரகரப்புக்குக் காரணம் மைக் துளை. டெக் தரும் சத்தத்தின் அளவு ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு போல. மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். உச்சங்கள் வெட்டுப்பட்டுவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்ட வைக்க முடியாது. நீல நிற 'லைன் இன்' துளையில் கொடுங்கள்.

அதைவிடச் சிறந்தது, படத்தையும் சத்தத்தையும் ஒரே கேப்சர் கருவி (கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் கருவி) வழியாகவே எடுப்பது. படம் ஒரு கருவியிலும் சத்தம் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டிலும் போனால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.36 விநாடி விலகிவிடும். அந்த அளவு கண்ணுக்கு உறுத்தும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், கேசட் திரும்பக் கிடைக்காது என்றால் முதலில் விலகல் எப்படி நடக்கிறதென்று பாருங்கள். ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடங்களில் கைதட்டலோ கதவு சாத்துவதோ மாதிரி ஒரு காட்சியைத் தேர்ந்து அளவெடுங்கள். நடுவில் கடைசியின் பாதி விலகல் இருந்தால் சீரான விலகல். எடிட்டிங் மென்பொருளில் சத்தத்தின் முழு நீளத்தையும் அந்த அளவுக்குச் சுருக்கினால் எல்லா இடத்திலும் பொருந்தும். ஓரிடத்தில் சரியாக இருந்து சட்டென்று தாவினால் அங்கே படத்தின் ஃபிரேம்கள் விடுபட்டிருக்கின்றன. அந்தத் தாவலுக்கு முன்னும் பின்னும் சத்தத்தை வெட்டித் தனித்தனியாகத்தான் நகர்த்த வேண்டும். விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கையை கேப்சர் மென்பொருளே கடைசியில் காட்டும். மறுபடி எடுக்கும்போது அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், சத்தத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள், ஹை-ஃபை பொரியும் கேசட்டை லீனியர் தடத்திலும் இன்னொரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொரிந்த இடங்களில் மட்டும் அதிலிருந்து வெட்டி ஒட்டலாம்.